வசாபிக்குப் பயந்தேன், மாட்டியது மிளகாயில்

ஜப்பானில் கிட்கேட் சாக்லேட் ஊருக்கு ஊர் வேறு வேறு சுவையில் கிடைக்கும். அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே எல்லாரும் முதலில் கேட்பது வசாபி, அதாவது சுஷியோடு தருகிற பச்சை நிறக் கார விழுது, போட்டது எப்படி இருந்தது என்றுதான், அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். யோகோஹாமாவில் வேலை பார்த்தபோது ஒரு நாள் ஷிசுவோகா போக வேண்டியிருந்தது. வசாபிக்குப் பேர் போன ஊர், ஸ்டேஷன் கடையிலேயே பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருந்தார்கள். ஜப்பானில் வெளியூர் போனவர் ஆபீசுக்கு ஒமியாகே, அதாவது அந்த ஊர்ப் பண்டம் ஏதாவது, வாங்கிக்கொண்டு வந்தாக வேண்டும். கிட்கேட் இதற்குத் தோதானது, ஒவ்வொன்றும் தனி உறையில் இருப்பதால் மேசைக்கு ஒன்று வைத்துவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம். ரயிலிலேயே பயந்து பயந்து ஒன்றைக் கடித்தேன். வெள்ளை சாக்லேட் இனிப்புதான் முதலில் வந்தது, கடைசியில் மூக்கு நுனியில் லேசாக ஒரு சுருக், அவ்வளவுதான். சுஷியில் கண்ணீர் வரவழைக்கிற வசாபி இதில் இல்லை.

மாட்டியது நாகானோவில். செங்கோஜி கோயிலுக்குப் போய்விட்டு வரும்போது, அந்த ஊரின் பழைய மிளகாய்ப்பொடிக் கடையான யவாதயா இசோகோரோவின் பொடி போட்ட 'இச்சிமி' கிட்கேட் வாங்கினேன். ஏழு சாமான் கலந்த பொடி ஷிச்சிமி, மிளகாய் மட்டும் என்றால் இச்சிமி. ஜப்பான்காரர்கள் காரம் என்று சொல்வது நமக்கு ஒரு காரமா என்ற திமிரில் இரண்டை ஒன்றாக வாயில் போட்டேன். முதலில் வெறும் சாக்லேட். விழுங்கின பிறகு தொண்டையில் மெதுவாக ஏறியது பாருங்கள், தண்ணீர் பாட்டிலைத் தேட வேண்டியதாகிவிட்டது.

மற்றபடி, வெளிநாட்டு நண்பர்கள் முகம் சுளித்ததெல்லாம் எனக்குப் பிடித்துப்போனது. பயறை இனிப்பில் போடுவார்களா என்று அவர்கள் கேட்கிறார்கள், நாம் பருப்புப் போளி தின்று வளர்ந்தவர்கள். ஹிரோஷிமாவின் மோமிஜி மன்ஜு சுவை, உள்ளே சிவப்புப் பயறு விழுது வைத்த மேப்பிள் இலை வடிவ கேக்கின் நினைவில் செய்தது, எனக்குப் பூரணம் மாதிரியே இருந்தது. ஒகினாவாவின் பெனி இமோ ஊதா நிறச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு, அதுவும் பழகின ருசிதான். ஊஜி மாச்சா, அதாவது ஊஜி ஊரின் பச்சைத் தேயிலைப் பொடி போட்டது, நல்ல கசப்பு, ஆறு பெட்டி ஊருக்குக் கொண்டுபோனேன். ஹொக்கைடோவின் யூபாரி முலாம்பழச் சுவைதான் எனக்கு ஒத்தே வரவில்லை, வாசனை சோப்பைக் கடித்த மாதிரி. சாக்கே என்ற அரிசி மது போட்டதும் உண்டு. அதில் ஆல்கஹால் ஒரு சதவீதம்கூட இல்லை, ஆனால் பெட்டியைத் திறந்தால் வாசனை தூக்கும்.

இன்னொன்று. 'கித்தோ கட்ஸு' என்றால் 'நிச்சயம் ஜெயிப்பாய்'. கிட்கேட் என்ற பேர் காதில் அப்படி விழுவதால் பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளுக்கு இதைக் கொடுக்கிறார்கள், உறையின் பின்பக்கம் நாலு வார்த்தை எழுத இடமும் விட்டிருக்கும். டிசம்பரில் நான் ஜப்பானிய மொழித் தேர்வு எழுதப் போனபோது ஆபீசில் பக்கத்து மேசைப் பெரியவர் 'கம்பாத்தே', அதாவது 'நன்றாகச் செய்', என்று எழுதி ஒன்று கொடுத்தார். தேறவில்லை. ஜூலையில் மறுபடி எழுதப் போகிறேன் என்றதும் ஒன்றும் பேசாமல் டிராயரைத் திறந்து இரண்டு எடுத்து வைத்தார்.