அப்பா வயல் பிரித்த கதை: உங்கள் வீட்டில் எப்படி?

தொங்கல் வயல்காரன்:

எங்களுக்கு வயல் மட்டக்களப்பில் வெல்லாவெளிப் பக்கம், நவகிரிக் குளத்துப் பாய்ச்சல். சொந்த உறுதிக் காணி ஏழு ஏக்கர், அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் தந்த பெர்மிட் காணி மூன்று. பிள்ளைகள் நாலு பேர்: அண்ணன், அக்கா, நான், தங்கை.

மட்டக்களப்பில் வீடுவளவு பெண்பிள்ளைக்குத்தான். இதில் பேச்சே கிடையாது. 1978 சூறாவளியில் கூரை பறந்த பிறகு அப்பா திரும்பக் கட்டிய வீடு 1996இல் அக்காவுக்குச் சீதனமாகப் போனது. அதே வளவில் அப்பாவும் அம்மாவும் இன்னொரு வீடு கட்டி, 2003இல் அதைத் தங்கைக்கு எழுதி, அவளோடேயே இருந்துகொண்டார்கள். ஆளுக்கு இரண்டரை ஏக்கர் வயலும் கூடப் போனது. இரண்டும் வாய்க்கால் தலைப்பில் இருந்த நல்ல வயல் துண்டுகள். அம்மா ஒரு வார்த்தைதான் சொன்னார்: "ஆம்புளப் புள்ளையளுக்குப் போற இடத்தில வளவு இருக்கும்." அப்படியே நானும் களுவாஞ்சிக்குடிக்கு மாப்பிள்ளையாகப் போனேன்.

மிச்சத்தைப் பிரிக்கும் எண்ணம் 2011 வெள்ளத்துக்குப் பிறகுதான் அப்பாவுக்கு வந்தது. அந்தப் பெரும்போகம், மாரி வேளாண்மை, முழுக்கத் தண்ணீருக்குள் போயிற்று. வடிந்த பிறகு ஒரு நாள் அண்ணனையும் என்னையும் வயலுக்குக் கூப்பிட்டார். வயல் குடிசையான வாடிக்கு முன்னால் குந்திக்கொண்டு மண்வெட்டிப் பிடியால் சேற்றில் கோடு இழுத்தார். நான் எல்லை கீறுகிறார் என்று நினைத்தேன். அவர் முதலில் இழுத்தது வாய்க்காலை. தலைப்பில் இரண்டு குத்துக் கீறி "இது பொம்புளப் புள்ளையள்ற" என்றார். நடுவில் பெர்மிட் காணி. கடைசியில், வாய்க்கால் மெலிந்து முடிகிற தொங்கலில் இரண்டு ஏக்கர். அது எனக்கு.

பெர்மிட் மூன்றையும் பாதியாகப் பிரிக்கலாமே என்றேன். நினைத்தபடி துண்டு போட முடியாது, பிரதேச செயலகத்தில் பின்னுரித்துக்கு, எனக்குப் பிறகு காணி யாருக்கு என்பதற்கு, ஒருவர் பெயரைத்தான் கொடுக்கப் போகிறேன், இத்தனை வருடம் என்னோடு சேற்றில் நின்றவன் மூத்தவன் என்றார். நியாயம்தான். ஆனாலும் வயிறு எரிந்தது. நான் படித்துவிட்டு உத்தியோகத்துக்குப் போனவன், மண்ணைத் தொடாதவன் என்று அவர் சொல்லாமல் விட்டதுதான் கூடச் சுட்டது.

முகத்தைப் பார்த்திருப்பார் போல. "மகன், ஏக்கரை எண்ணாத. தண்ணி எத்தினை நாளைக்கு நிக்கும் எண்டு பாரு. தொங்கல் காணி எண்டு எனக்கும் தெரியும்" என்றவர், அண்ணன் பக்கம் திரும்பி, "கோடையில, சிறுபோகத்துக்குத் தொங்கலுக்குத் தண்ணி வராட்டி நீ இவனுக்குப் பத்து மூடை நெல்லுக் குடுக்கணும்" என்றார். அண்ணன் தலையாட்டினான்.

உறுதி எழுதுகிற நொத்தாரிசிடம் போன அன்று அப்பா கையில் ஒரு பால்மா டின். 1990 இடம்பெயர்வில் அம்மா உறுதிகளைச் சுருட்டி அதற்குள் வைத்துத்தான் கொண்டு ஓடினாராம். எனக்கு எழுதியது நன்கொடை உறுதி. ஆனால் சீவிய உருத்தைத் தனக்கும் அம்மாவுக்கும் வைத்துக்கொண்டார். உயிரோடு இருக்கும்வரை விளைச்சல் அவர்களுடையது. எல்லாவற்றையும் எழுதிக்கொடுத்துவிட்டு வெற்றிலைக்குக் காசு கேட்டு நின்ற ஆட்களை அவர் பார்த்திருக்கிறார். பத்து மூடைக் கதையையும் எங்காவது எழுதி வைப்போமா என்று நொத்தாரிசு கேட்டதற்கு, "அண்ணன் தம்பிக்குள்ள எழுத்தெதுக்கு?" என்று சிரித்தார். பெற்ற பிள்ளையிடமே சீவிய உருத்து எழுதி வாங்கிய மனிதன்!

திருக்கோவில் மருமகள்:

உங்கள் அப்பா கோடாவது கீறினார். எங்கள் மாமா ஒன்றுமே எழுதாமல் கண்ணை மூடிவிட்டார். தேசவழமை என்கிற வழக்கச் சட்டம் யாழ்ப்பாணத்து ஆட்களுக்குத்தான், நமக்குப் பொதுச் சட்டம். எழுதாமல் போனால் பாதி மாமிக்கு, மற்றப் பாதி பிள்ளைகள் எல்லோருக்கும் சமமாக. தாளில் அழகாகத்தான் இருக்கிறது. நாலரை ஏக்கரில் ஐந்து பிள்ளைகளுக்குச் சமம் என்றால் எந்த வரம்பில் நிற்பது? இப்போது போகத்துக்கு ஒருவராக முறை வைத்துச் செய்கிறோம். யாரும் வரம்பு கட்டுவதில்லை, பசளை போட மனமில்லை. அடுத்த முறை வேறொருவருடையதாச்சே! விற்கலாம் என்றால் எல்லோரும் கையெழுத்து வைக்க வேண்டும், ஒரு மச்சான் கனடாவில். மாமிக்கு இதெல்லாம் விளங்காது, "பெரிய மகன் செய்வான்" என்று இருக்கிறார்.

படுவான்கரை:

பெர்மிட் காணிக்குப் பின்னுரித்து எழுதாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எங்கள் அப்பா இன்னும் எழுதவில்லை, கேட்டால் கோபிக்கிறார். நாங்கள் மூன்றும் பெண்கள்.

தொங்கல் வயல்காரன்:

தங்கச்சி, 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தில், எழுதாமல் போனால் மனைவிக்குப் பிறகு ஆண்பிள்ளைதான் முன்னுக்கு நின்றான். 2022இல்தான் அந்த ஆண், பெண் வேறுபாட்டை எடுத்தார்கள். வீடுவளவைப் பெண்ணுக்குக் கொடுக்கிற ஊரில் இத்தனை காலம் இப்படி ஒரு சட்டம்! எப்படியும் அப்பா இருக்கும்போதே ஒருவர் பெயரைப் பதியச் சொல்லுங்கள். காணிப் பேச்சாகத் தொடங்காமல், பெர்மிட் தாள் பழசாகிக் கிழிகிறது, ஒரு தடவை காரியாலயத்தில் காட்டிவிட்டு வருவோம் என்று கூட்டிப்போங்கள். எங்கள் அப்பாவை அண்ணன் அப்படித்தான் கூட்டிப்போனான்.

மருமகள் அக்கா, முறை வைத்துச் செய்கிற வயல் கெட்டுப்போகும் என்பது முழு உண்மை. செலவானாலும் சர்வேயரைப் பிடித்து அளந்து, எல்லோரும் சம்மதித்துப் பிரிவினை உறுதி முடித்துவிடுங்கள். கனடா மச்சான் தனக்காக இன்னொருவர் கையெழுத்து வைக்க அங்கிருந்தே அற்றோணித் தத்துவம் அனுப்பலாம்.

கேட்கும் முன்னமே சொல்லிவிடுகிறேன். அப்பா 2019இல் போனார், அடுத்த வருடம் அம்மாவும். பத்து மூடை வருகிறதா என்றால், வருகிறது. தண்ணீர் தொங்கலுக்கு எட்டாத சிறுபோகங்களில் அண்ணனின் மகன் லேண்ட்மாஸ்டர் கை உழவு மெசினில் ஏற்றிக்கொண்டு பட்டிருப்புப் பாலத்தால் வருவான். நான் ஒரு நாளும் கேட்டதில்லை. போன முறை இறக்கிவைத்த பிறகு மனைவி எண்ணிப் பார்த்தாள். எட்டு. பொடியன் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான், நானும் அவனோடு படிப்பைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தேன்.