80 லேண்ட் குரூசருக்கு ஃபோர்டு ஆக்சில் வாங்கலாமா?

வுட்லண்ட்ஸ்காரன்: வண்டி டொயோட்டா 80 லேண்ட் குரூசர், 1எச்இசட் டீசல் என்ஜின். சித்தப்பா பேர்ல ஜொகூர்ல பதிஞ்சிருக்கு, வார இறுதியில செம்பனைத் தோட்டத்துச் சேத்துல ஓட்டுறோம். 37 அங்குல டயர் போட்டதிலிருந்து முன்பக்க பெர்ஃபீல்டு ஜாயின்ட் (சக்கரம் திரும்பினாலும் ஷாஃப்ட்டோட சுழற்சியைக் கொண்டுபோற மூட்டு) அடிக்கடி உடையுது. அங்க ஒரு பழைய உதிரிபாகக் கடையில 2002 ஃபோர்டு எஃப்-350 ஆக்சில் ஜோடியா கிடக்கு. முன்னால டானா 60, பின்னால ஸ்டெர்லிங் 10.5, ரெண்டும் கனமான ஆக்சில் வகை. விலை கட்டுப்படியாகுது. வாங்கிடவா? விஷயம் தெரிஞ்ச அண்ணன்மார் சொல்லுங்க.

காக்கி புக்கிட் கிழவன்: தம்பி, கனத்தை அப்புறம் பார், முதல்ல பக்கத்தைப் பார். ஃபோர்டு முன் ஆக்சில்ல டிஃப் (ரெண்டு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரிக்கிற கியர் பகுதி) இடது பக்கம். உன் ட்ரான்ஸ்ஃபர் கேஸ்ல (சக்தியை முன்னாலயும் பின்னாலயும் பிரிச்சு அனுப்புற பெட்டி) முன் ஷாஃப்ட் வெளிய வர்றது வலது பக்கம். ரெண்டையும் இணைக்கணும்னா ஷாஃப்ட் என்ஜினுக்கு அடியில குறுக்கே போகணும். என்ஜின் அடியில இருக்குற எண்ணெய்த் தொட்டி, அதான் சம்ப், வழி விடாது.

வுட்லண்ட்ஸ்காரன்: ஆக்சிலைக் கவிழ்த்துப் போட்டா டிஃப் வலது பக்கம் வந்துடுமே அண்ணே?

காக்கி புக்கிட் கிழவன்: வரும். நீ முன் கியர் போட்டா முன் சக்கரம் மட்டும் ரிவர்ஸ்ல போகும்.

சேறு சாமி: டானா 60 தான் வேணும்னா 1977-லிருந்து 1991 வரைக்கும் வந்த செவ்ரோலே கே30-ஐத் தேடுங்க, அதுல டிஃப் வலது. நம்ம பக்கம் கிடைக்கிறது குதிரைக்கொம்பு. கிடைச்சாலும் எண்ணெயை வடிச்சுப் பாக்காம காசு நீட்டாதீங்க. பால் மாதிரி இருந்தா தண்ணி புகுந்திருக்கு. துகள் மினுமினுன்னா பெரும்பாலும் தேய்மானம், விரல்ல நெருடுற துண்டு வந்தா பல்லு போயிருக்கு. ஷாஃப்டை உருவி ஸ்ப்ளைன் (முனையில இருக்குற பள்ளக் கோடுகள்) முறுக்கியிருக்கான்னு வெளிச்சத்துல பாருங்க. சக்கரத்துக்கும் சேத்து செலவு வச்சுக்கோங்க: உங்களது ஆறு போல்ட், போல்ட் வட்டத்தோட விட்டம் 139.7 மி.மீ. அந்த ஃபோர்டு எட்டு போல்ட், 170.

காக்கி புக்கிட் கிழவன்: என்னைக் கேட்டா ஆக்சில் மாத்தவே வேணாம். 80-ஓட முன் டிஃப் கிரவுன் வீல் (உள்ள இருக்குற பெரிய பல் சக்கரம்) 8 அங்குலம், டானாவுல 9.75. வித்தியாசம் பெருசுதான், ஆனா உனக்கு உடையுறது டிஃப் இல்ல, ஜாயின்ட். குரோமோலி (உறுதியான கலப்பு எஃகு) பெர்ஃபீல்டும் ஷாஃப்டும் போடு. ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு வச்சுக்கிட்டு ஆக்சிலரேட்டரை மிதிக்கிற பழக்கத்தையும் விடு. கியர் கணக்கு: பழைய டயர் 31 அங்குலம், டிஃப் கியர் விகிதம் 4.11. 37-க்கு 4.11 × 37 ÷ 31, கிட்டத்தட்ட 4.9. ஆக 4.88 வாங்கு. முன்னாலயும் பின்னாலயும் ஒரே விகிதம், இல்லன்னா ட்ரான்ஸ்ஃபர் கேஸ் அழும்.

ஈசூன் ராஜா: 35 டயருக்கு இறங்கினாலே பாதித் தலைவலி போயிடும். அப்புறம், ஆக்சிலே மாத்துறதா இருந்தா ஜேபிஜே (மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறை) கிட்ட முதல்ல கேளுங்க. இதே வண்டி சிங்கப்பூர் பதிவா இருந்தா, நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கிட்ட கேக்காம கை வச்சிருக்கவே முடியாது.

வுட்லண்ட்ஸ்காரன்: நல்லவேளை, முன்பணம் கொடுக்கல. குரோமோலிக்கும் 4.88-க்கும் விலை கேக்குறேன். பின் ஆக்சில் ஃபுல் ஃப்ளோட்டரான்னு, அதாவது வண்டி கனத்தை ஷாஃப்ட் தாங்காம உறையே தாங்குற வகையான்னு, எப்படிக் கண்டுபிடிக்கிறது?

சேறு சாமி: சக்கரத்து நடுவுல பாருங்க. ஹப் வெளிய துருத்திக்கிட்டு, அதுல சுத்திலும் நட்டு இருந்தா ஃபுல் ஃப்ளோட்டர். டயரைக் கழட்டாமலே ஷாஃப்டை உருவலாம்.