அன்யாடெல்லோவில் தோற்ற வெனிஸ் எப்படித் தப்பியது?

கேள்வி: 1508 டிசம்பரில் அமைந்த காம்ப்ரே கூட்டணியில் போப் இரண்டாம் ஜூலியஸ், பிரான்சின் பன்னிரண்டாம் லூயி, புனித ரோமானியப் பேரரசர் மாக்சிமிலியன், ஸ்பெயினின் அரகோன் அரசர் ஃபெர்டினாண்ட் என எல்லாரும் வெனிஸுக்கு எதிராக ஒரே பக்கம். 1509 மே 14-ல் வட இத்தாலியின் அன்யாடெல்லோவில் வெனிஸ் படை நொறுங்கியது. பிறகும் பிழைத்தது கடல் காத்ததாலா?

பதில் 1: கடல் பாதிக் காரணம்தான். அன்யாடெல்லோவில் அடிபட்டது வெனிஸ் தளபதி அல்வியானோவின் பின்படை. முன்னால் போன இன்னொரு வெனிஸ் தளபதி பிட்டிலியானோ, பெரும்போரைத் தவிர்க்கச் சொன்ன உத்தரவைப் பிடித்துக்கொண்டு திரும்பவில்லை. அல்வியானோ சிறைப்பட்டார். கூலிப்படையினர் பலர் கலைந்து ஓடினாலும், முழுப் படையும் அழியவில்லை.

பதில் 2: திருப்பம் வெனிஸுக்கு அருகே இருந்த பதுவா நகரம்தான். ஜூலை 17-ல் வெனிஸ் அதை மீட்டது. மாக்சிமிலியன் முற்றுகையிட வந்தது செப்டம்பரில். அந்த இடைவெளியில் மதிலுக்கு உட்புறம் அகழியும் மண் அரணும் தயார். பீரங்கி மதிலை உடைத்தது, ஆனால் உடைப்பில் நுழைந்தவன் அகழியில்தான் மாட்டுவான். பதுவா மதிலின் கோடலுங்கா கொத்தளத்தில் தாக்குதல்கள் முறிந்தன. மாக்சிமிலியன் கையில் பணமும் இல்லை. அக்டோபர் தொடக்கத்தில் விலகினார்.

பதில் 3: கப்பல் எப்போதும் கைகொடுக்காது. டிசம்பர் 22-ல் போ ஆற்றில் பொலெசெல்லா அருகே நின்ற வெனிஸின் துடுப்புப் போர்க்கப்பல்களை (கேலி), இரவோடு இரவாகக் கரையில் நிறுத்திய, எதிரணியிலிருந்த ஃபெராரா நாட்டின் பீரங்கிகள் நாசமாக்கின. வெள்ளத்தில் ஆறு உயர்ந்து, கப்பல்கள் குண்டுகளுக்கு நேராக வந்துவிட்டன. ஆற்றுக்குள் ஒதுங்க இடம் ஏது? கூட்டணியை உடைத்தது 1510 பிப்ரவரியில் போப் வெனிஸோடு செய்த சமாதானம்.