ஹெட்டைக் கழற்றின பிறகுதான் தெரிஞ்சது: மனசை விட்டுப் போகாத வண்டிகள் (வண்டி பழுது பார்க்கறவங்க பேசிக்கிட்டது)

செந்தூல் ஸ்பேனர்

புரோட்டான் ஜென்-2 கார், 1.6 கேம்ப்ரோ எஞ்சின். தண்ணி டாங்கி மூடியைத் திறந்தா உள்ளே தே தாரிக் (நுரை பொங்க ஆத்தற பால் டீ). நிறம் மட்டுமில்ல, மேலே நுரை கட்டி நிக்கிறதும் அப்படியே. ஏற்கெனவே ஒரு பட்டறையில "ஹெட் கேஸ்கெட் போச்சு"ன்னு சொல்லி ஹெட்டை (எஞ்சினோட மேல்பாகம்) இறக்கி, ஸ்கிம் பண்ணி (அடிப்பக்கத்தை மட்டமா சீவி), புது கேஸ்கெட் போட்டு அனுப்பியாச்சு. மூணாவது நாள் காலையில மறுபடியும் தே தாரிக்.

டிப்ஸ்டிக்கை (எண்ணெய் அளவு பார்க்கற கம்பி) உருவி வெள்ளைத் துணியில துடைச்சா எண்ணெய் தேன் நிறத்துல, ஒரு சொட்டு தண்ணி கலக்காம இருந்துச்சு. அந்தத் துணிதான் இன்னும் கண்ணுல நிக்குது. ஸ்பேனரை எடுக்கறதுக்கு முன்னாடி யாராவது அதைத் துடைச்சுப் பார்த்திருந்தா ஹெட்டைத் தொட்டிருக்கவே மாட்டாங்க.

எஞ்சின் ஓடும்போது மின்யாக் ஹித்தாம் (எஞ்சின் எண்ணெய்) 3, 4 பார் அழுத்தத்துல ஓடுது. தண்ணி 1 பார் கிட்டதான். நடுவுல தடுப்பு விட்டுப்போனா எண்ணெய்தான் தண்ணிப் பக்கம் தள்ளும். கேஸ்கெட்லயும் இது நடக்கும், ஆனா பெரும்பாலும் கூடவே வேற அடையாளம் இருக்கும்: எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை, ஸ்டார்ட் பண்ணி ஒரே நிமிஷத்துல மேல் ஹோஸ் கல்லு மாதிரி இறுகறது, டாங்கியில விடாம குமிழி. இந்த வண்டியில அதுல ஒண்ணுகூட இல்ல. அப்போ முதல்ல பார்க்க வேண்டியது ஆயில் கூலர். எண்ணெயும் தண்ணியும் ஒரு மெல்லிய தகடு, ரெண்டு மூணு ரப்பர் ரிங் தள்ளி ஓடற இடம் அதுதான்.

கூலரைக் கழற்றி, தண்ணி வழி ரெண்டுல ஒண்ணை ரப்பர் கார்க் வச்சு அடைச்சு, இன்னொண்ணுல ஹோஸ் மாட்டி 2 பார் காத்து விட்டு, வாளித் தண்ணியில முக்குங்க. எண்ணெய் ஓட்டையில குமிழி வந்தா தகடே ஓட்டை, முழு கூலரையும் மாத்தணும். குமிழி வரலைன்னா ரிங்கைப் பாருங்க. இந்த வண்டியில ரிங் நகத்தால கீறினா தூளா உதிர்ந்துச்சு. மாத்தினது ரிங் மட்டும்தான். அப்புறம் பாத்திரம் கழுவற சோப்புத் திரவம் ஊத்தி நாலு தடவை தண்ணி மாத்திக் கழுவியாச்சு.

கெப்போங் கேரேஜ்

அண்ணே, கூலர் விஷயத்துல முழுசா ஒத்துக்கறேன். சோப்புத் திரவத்துல ஒத்துக்க முடியாது. அது நுரைக்கும். நுரையை வாட்டர் பம்ப் தள்ளாது, ஹெட்ல காத்து அடைச்சு நின்னுடும், மீட்டர் ஊசி நடுவுல இருக்கும்போதே ஹெட் வெந்துடும். ஒரு ஹெட் மறுபடி வளைஞ்சது இந்தக் கழுவல்லதான்.

டிஷ்வாஷர் மெஷினுக்குப் போடற பவுடர் வாங்குங்க. அது நுரைக்காது. 100 கிராம் பவுடரை 2 லிட்டர் சுடுதண்ணியில கரைச்சு, கசடு இல்லாம வடிகட்டி ஊத்தணும். தெர்மோஸ்டாட்டை (சூட்டுக்கு ஏத்தபடி தண்ணி வழியைத் திறக்கற வால்வு) கழற்றிட்டு 15 நிமிஷம் ஐடில்ல, ஆக்ஸிலரேட்டர் மிதிக்காம, ஓட விடுங்க. சூடு தணிஞ்சதும் அடியில திறந்து விட்டுட்டு, வெறும் தண்ணி ஊத்தி ஓட்டி வடிக்கிறதை அஞ்சு தடவையாவது செய்யணும். ராத்திரி முழுக்க உள்ளே விட்டுடாதீங்க. அது காரம், அலுமினியத்தை அரிக்கும். கடைசித் தண்ணி கண்ணாடி மாதிரி வந்த பிறகுதான் தெர்மோஸ்டாட்டும் கூலண்டும்.

இன்னொண்ணு விட்டுப்போச்சு: ஹோஸ். எண்ணெய் பட்ட ரப்பர் ஊறி மெத்துனு ஆயிடும். இதே மாதிரி எண்ணெய் கலந்த ஒரு புரோட்டான் வாஜாவுக்கு எல்லாம் சரி பண்ணி, ஹோஸை மட்டும் மாத்தலை. எம்ஆர்ஆர்2 (கோலாலம்பூர் சுற்றுச்சாலை) நெரிசல்ல அடி ஹோஸ் கிளாம்ப் பக்கத்துல பலாக்கொட்டை மாதிரி புடைச்சு வெடிச்சது. மேல் ஹோஸ், அடி ஹோஸ், டாங்கி மூடி மூணையும் சேர்த்து மாத்துங்க. மூடியில இருக்கற ரப்பரும் அதே எண்ணெயைக் குடிச்சதுதான்.

பிறை 4ஜி63

புரோட்டான் வீரா உடம்பில், மிட்சுபிஷி ஈவோ 3 ஹாஃப் கட்டிலிருந்து (பாதியாக வெட்டி விற்கும் பழைய வண்டி) எடுத்த 4ஜி63 டர்போ எஞ்சின். ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதி, புஸ்பாகோம் வாகனச் சோதனை எல்லாம் முறைப்படி முடிந்த வண்டி. டைமிங் பெல்ட் மாற்றிய மறுநாளிலிருந்து ஒரு நடுக்கம். 3000 ஆர்பிஎம்முக்கு மேல் டேஷ்போர்டு முழுக்க ரீங்காரம். எஞ்சின் மவுண்டிங் இரண்டு முறை மாறியது. கிளட்ச் பிளேட்டைக்கூடக் கழற்றிப் பார்த்தாகிவிட்டது. கேம் குறி, கிராங்க் குறி, ஆயில் பம்ப் சக்கரத்தின் குறி எல்லாமே நேர்க்கோட்டில்தான் இருந்தன.

குறிகள் சரியாக நின்றும் எஞ்சின் தப்பாக இருக்க முடியும். ஆயில் பம்ப் சக்கரம்தான் ஒரு பக்கத்து பேலன்ஸ் ஷாஃப்ட்டை இழுக்கிறது. சக்கரம் ஒரு சுற்று வந்து அதே குறியில் நிற்கும்போது ஷாஃப்ட் அதே இடத்துக்குத் திரும்புவதில்லை, எடை தலைகீழாக நின்றிருக்கும். அதிர்வை அடக்க வேண்டிய ஷாஃப்ட் அதிர்வைக் கூட்டிக்கொண்டிருக்கும்.

பிளாக்கின் பக்கவாட்டில் ஒரு பிளக் இருக்கிறது. அதைக் கழற்றி 8 மி.மீ. தண்டுள்ள ஸ்க்ரூடிரைவரை உள்ளே விட வேண்டும். 60 மி.மீ. அல்லது அதற்கு மேல் போனால் ஷாஃப்ட் சரி. 20, 25 மி.மீட்டரிலேயே முட்டினால் தப்பு. இந்த வண்டியில் 'டங்' என்று முட்டி நின்றது. பெல்ட்டைத் தளர்த்தி, ஆயில் பம்ப் சக்கரத்தை மட்டும் முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி, அதே குறிக்குக் கொண்டுவந்து மறுபடி விட்டபோது ஸ்க்ரூடிரைவர் வெண்ணெயில் போவதுபோல் உள்ளே போனது. அந்த ஒன்றரை அங்குல வித்தியாசத்துக்காக இரண்டு செட் மவுண்டிங் குப்பைக்குப் போயிருக்கிறது. பெல்ட் பூட்டி முடிக்கும்வரை ஸ்க்ரூடிரைவரை எடுக்காதீர்கள், ஷாஃப்ட் நகர்ந்துவிடும். எஞ்சினைச் சுற்றும் முன் மறக்காமல் உருவிவிடுங்கள்.

பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் ஆட்டோ டென்ஷனரையும் சொல்லிவிடுகிறேன். வைஸில் நேராக நிறுத்தி மெல்ல மெல்ல அழுத்த வேண்டும், அவசரப்பட்டால் உள் சீல் போய்விடும். தண்டின் ஓட்டையும் கூட்டின் ஓட்டையும் நேரானதும் மெல்லிய கம்பி செருகிப் பூட்டுங்கள். பெல்ட் போட்டுக் கம்பியை உருவியபின் கிராங்கைக் கையால் ஆறு சுற்று, பிறகு 15 நிமிடம் சும்மா விட வேண்டும். தண்டு வெளியே நீண்டிருப்பது 3.8 முதல் 4.5 மி.மீ.க்குள் இருந்தால்தான் கவரை மூடலாம்.

ஆயர் ஈத்தாம் டர்போ

இவ்வளவு கஷ்டம் எதுக்கு? பேலன்ஸ் ஷாஃப்ட்டையே எடுத்துடலாம். அதோட சின்ன பெல்ட் அறுந்து பெரிய பெல்ட்டுக்குள்ள மாட்டி, 16 வால்வும் வளைஞ்ச ஹெட்டைப் பார்த்த பிறகு அதை உள்ளே விட்டுவைக்க மனசு வராது.

பிறை 4ஜி63

எடுக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் ஷாஃப்ட்டை உருவிவிட்டு பெல்ட்டை மட்டும் தூக்கிப் போடுகிறவர்களால்தான் பேரிங் உருகுகிறது. ஷாஃப்ட் பேரிங்கைத் திருப்பி அடித்து அதன் எண்ணெய் ஓட்டையை அடைக்க வேண்டும். ஆயில் பம்ப் பக்கம் குட்டை ஷாஃப்ட் போட வேண்டும். அடைக்காமல் விட்டால் சூடான ஐடிலில் எண்ணெய் அழுத்தம் விழும். அதைச் செய்ய எஞ்சின் வெளியே இருக்க வேண்டும். பெல்ட் மாற்ற வந்த வண்டிக்கு ஸ்க்ரூடிரைவர் போதும்.

செராஸ் வயரிங்

இதுவும் ஹாஃப் கட் எஞ்சின்தான். ஐடில் 800க்கும் 1800க்கும் ஊஞ்சல் ஆடும். த்ராட்டில் பாடி கழுவியாச்சு, ஐடில் மோட்டார் புதுசு, வாக்குவம் குழாய் எல்லாம் மாத்தியாச்சு. கடைசியில இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தற கம்ப்யூட்டர்) பெட்டியோட நாலு ஸ்க்ரூவைக் கழற்றினதும் குப்புனு கருவாட்டு வாடை. 90கள் மிட்சுபிஷி இசியுவுல அந்த வாடை வந்தா வேற எதையும் தேடாதீங்க. எலெக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் ஒழுகி, தாமிரக் கோடுகளையெல்லாம் பச்சையா அரிச்சிருக்கும். அதே மைக்ரோஃபாரட், வோல்ட் அதே அளவு இல்லேன்னா ஒரு படி கூட, 105 டிகிரி ரகம் வாங்குங்க. பழைய கசிவை ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பழைய டூத்பிரஷ்ஷும் வச்சுத் தேய்ச்சு எடுத்துட்டுதான் புதுசை பற்றவைக்கணும். கசிவு மேலயே வச்சா அரிப்பு தொடரும். ஏற்கெனவே புது ஐடில் மோட்டார் வாங்கினவங்க அதோட காயில் ஷார்ட்டான்னு அளந்து பாருங்க. ஷார்ட்டான மோட்டார் இசியு உள்ளே இருக்கற டிரைவரையும் எரிச்சிடும்.

கூச்சாய் லாமா போர்ச்

மேலே எல்லாரும் கூலர், ஹோஸ், பிளக்னு சொல்றீங்க. இதுல பாதி வண்டிக்கு அடியில படுத்துச் செய்யற வேலை. யாரும் கேட்கலை, இருந்தாலும் சொல்றேன். தாமான் வீட்டு போர்ச்ல ஒரு மைவி காரோட முன்பக்கம் ஸ்டாண்டுல நின்னுட்டிருந்தப்போ ஒரு காலுக்கு அடியில மொசைக் டைல் 'டிக்'னு விரிஞ்சது. அடியில ஆள் இல்ல. அவ்வளவுதான் கதை.

டைல் பெரும்பாலும் சிமெண்டோட முழுசா ஒட்டியிருக்காது. நாணயத்தால தட்டுங்க, டொக்கு டொக்குனு கேட்டா அடியில வெற்றிடம். ஸ்டாண்டோட நாலு கால் முனையும் அந்த ஒரு இடத்துல எடையை இறக்கும். 18 மி.மீ. பிளைவுட்டை ரெண்டடிக்கு ரெண்டடி வெட்டி ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் அடியில போடுங்க.

போர்ச் மட்டமா இருக்காது. மழைத்தண்ணி ஓடறதுக்காக கேட் பக்கம் சரிச்சுதான் கட்டுவாங்க. முன்பக்கம் தூக்கினா ஆட்டோ கியரை பி-யில போட்டு ஒரு பிரயோஜனமும் இல்ல. மைவி மாதிரி முன்சக்கரம் இழுக்கற வண்டியில அது முன்சக்கரத்தை மட்டும்தான் பூட்டும், முன்சக்கரம் காத்துல இருக்கு. ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரம் ரெண்டுக்கும் முன்னாலயும் பின்னாலயும் கட்டை வைங்க. பின்பக்கம் தூக்கினா தலைகீழ்: அப்போ ஹேண்ட்பிரேக் வீண், முன்சக்கரத்துக்குத்தான் கட்டை.

வண்டியோட வந்த கத்திரி ஜாக் டயர் மாத்த மட்டும். ஸ்டாண்டு உட்காருற இடம் ஓரத்துல ரெண்டு வெட்டுக்கு நடுவுல இருக்கற கெட்டியான மடிப்பு, இல்லேன்னா சேஸிஸ் ரயில். எண்ணெய் சம்ப்லயோ தரைத் தகட்டுலயோ வைக்காதீங்க. இறக்கினதும் ஃபெண்டரைப் பிடிச்சு ரெண்டு கையாலயும் நல்லா ஆட்டுங்க. விழற வண்டி நீங்க வெளியே நிக்கும்போதே விழட்டும். கழற்றின டயரைப் படுக்க வச்சு கதவுக்கு அடியில தள்ளிடுங்க. ஹைட்ராலிக் ஜாக்கையும் லேசா முட்ட விட்டு அங்கேயே விடுங்க. வாடகை வீடுன்னா டைல் உடைஞ்சா டெப்பாசிட்ல பிடிப்பாங்கன்னு யோசிக்கிறவங்களுக்கும் இதே பிளைவுட்தான் பதில்.

செந்தூல் ஸ்பேனர்

கெப்போங் சொன்னது சரி. அந்த ஜென்-2ல சோப்பு நுரை ரெண்டு நாள் டாங்கியை விட்டுப் போகவே இல்ல. பவுடர் போட்டு மறுபடி கழுவியாச்சு, ஹோஸ் ரெண்டும் மூடியும் மாத்தியாச்சு. 500 கி.மீ. ஓடின பிறகு எஞ்சின் ஆறினதும் மூடியைத் திறந்தா தண்ணி பச்சையாவே இருக்கு. டாங்கி கழுத்துல மட்டும் விரல்ல தொட்டா ஒட்டற அளவுக்கு ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு. அது பழைய எண்ணெய் ரேடியேட்டர் மூலையில இருந்து இறங்கறது. துடைச்சுட்டு இன்னும் 500 ஓடட்டும். கோடு தடிச்சா கூலரை மறுபடி வாளியில முக்கணும்.