பக்கவாத்தியம் வாசிக்கும் பேக்கிங் மென்பொருளில் ஒரு டிக்கை மாற்றி மாட்டிக்கொண்ட கதைகள்

தாளம்தப்பி:
பாட்டு தொடங்கும் முன் நாலு தட்டுத் தட்டி எண்ணிக் கொடுக்கும் கவுன்ட் இன் என்று ஒன்று இருக்கிறதே, அதை முதல்நாள் ராத்திரி நிறுத்தியது நான்தான். ஒரே எட்டு பாரைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் புல்லாங்குழல் பழகும்போது ஒவ்வொரு தடவையும் அந்த நாலு தட்டு எரிச்சலாக இருந்தது, செட்டிங்ஸில் போய் டிக்கை எடுத்தேன், தூங்கிவிட்டேன். மறுநாள் மேடையில் பாட வந்தவர் நாலு எண்ணி முடிந்ததும் எடுக்கலாம் என்று மைக்கோடு நிற்கிறார். பிளேயை அழுத்தினேன். டிரம்ஸ், பேஸ், கிட்டார் எல்லாம் நேராக முதல் வரியிலேயே குதித்துவிட்டன. பாதி இழுத்த மூச்சோடு என் பக்கம் திரும்பிப் பார்த்தார் பாருங்கள்! மூன்று வருடம் ஆகிறது, யாராவது ஒன்று இரண்டு என்று எண்ண ஆரம்பித்தாலே அந்த முகம்தான் வருகிறது.

அரைக்கட்டை:
உங்களுக்குப் பார்வையோடு போயிற்று. நான் பாடியவரையே குறை சொன்னேன். டிராக் 44,100 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு அத்தனை சாம்பிளாகப் பதிந்தது, அதற்கு முன் வேறு வேலைக்காக ஆடியோ இன்டர்ஃபேஸை, அதுதான் கம்ப்யூட்டர் ஒலியை வெளியே அனுப்பும் பெட்டியை, 48,000-ல் வைத்தவன் திருப்பி மாற்றவில்லை. ஒரு வாரமாக 1 கட்டை சுருதியில் பழகி வந்தவருக்கு ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ கேட்கிறது. "சுருதி ஏறியிருக்கு, ஓட்டமும் கூடியிருக்கு" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கம்ப்யூட்டருக்கு எப்படிங்க சுருதி ஏறும், பதற்றப்படாமல் பாடுங்கள்." தொண்டையைக் கிழித்துக்கொண்டு பாடிவிட்டுப் போனார். 3 நிமிட டிராக் 15 நொடி முன்பே முடிகிறதே, 48,000-ல் வேகமாக ஓடியதால்தான் சுருதியும் ஏறியிருக்கிறது என்று இரண்டு நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

பழைய கீபோர்டு:
தாளம்தப்பி, கோபிக்காதீர்கள், உங்கள் கதையில் மென்பொருள் மேல் ஒரு தப்பும் இல்லை, மேடைக்கு முன் ஒரு தடவை ஓட்டிப் பார்க்காததுதான் தப்பு. நானும் ஒரு மாணவனை "தாளம் பிந்துகிறது" என்று திட்டிவிட்டு, பிறகு பார்த்தால் பஃபர், அதாவது கம்ப்யூட்டர் ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் அளவு, 2048 சாம்பிளில் கிடந்தது, அது இருக்கட்டும். எல்லோரும் செய்ய வேண்டியது இதுதான். 44,100-ல் 2048 என்றால் கீபோர்டு கட்டையை அழுத்தி 46 மில்லிசெகண்டாவது கழித்துத்தான் சத்தம் வரும், கை தடுமாறத்தான் செய்யும். 512-க்கு 12, 128-க்கு 3. கீபோர்டைக் கம்ப்யூட்டர் வழியாக வாசிப்பவர்கள் 128 அல்லது 256-க்கு இறக்குங்கள், விண்டோஸ் என்றால் தாமதத்தைக் குறைக்கும் ஏஎஸ்ஐஓ டிரைவருக்கு மாறுங்கள். டிராக்கைக் கேட்டுப் பாட மட்டும் என்றால் பஃபர் பெரிதாகவே இருக்கட்டும், சின்னதாக்கினால் பழைய மெஷினில் கரகரவென்று சத்தம் விட்டு விட்டு வரும். அப்புறம், செட்டிங்ஸ் பக்கத்தை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது, யாருமே செய்வதில்லை.

சும்மா ஜி மேஜர்:
பஃபர் கிடக்கட்டும். கார்ட்ஸை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை, தானாக அழகுபடுத்தும் ஆப்ஷனைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? நான் டைப் செய்தது வெறும் ஜி, சி, டி. அது தன் இஷ்டத்துக்கு ஏழாவது, ஒன்பதாவது ஸ்வரங்களைச் சேர்த்து வாசிக்கிறது, திரையிலோ வெறும் ஜி என்றே நிற்கிறது. கிட்டார் நண்பனும் நானும் மாறி மாறி "நீ தப்பா வாசிக்கிறாய்" என்று ஒரு மணி நேரம் சண்டை. கடைசியில் அவன் ஒன்றும் பேசாமல் கிட்டாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தான். அந்த ஜிப் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

தாளம்தப்பி:
கீபோர்டு அண்ணா, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தேன். டிக்கை எடுத்த பிறகு எடுத்தது. அரைக்கட்டை, அவரிடம் சொல்லிவிட்டீர்களா?

அரைக்கட்டை:
இல்லை. இப்போதெல்லாம் வந்ததும் போனில் சுருதிப்பெட்டி ஆப்பைத் திறந்து என் டிராக்கோடு ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் மைக் முன்னால் நிற்கிறார். நான் கேபிளைச் சுருட்டுவது மாதிரி கீழே குனிந்துகொள்வேன்.