ரெஜெக்ஸுக்கு ‘உரைவாய்பாடு’ பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம். ரெஜெக்ஸ் (regular expression) என்பது உரையில் குறிப்பிட்ட அமைப்புள்ள பகுதிகளைத் தேடிப் பிடிக்கக் கணினிக்கு நாம் எழுதிக் கொடுக்கும் குறியீடு. அதற்கு ‘ஒழுங்குக்கோவை’ என்ற தமிழ்ப்பெயர் இங்கே முன்வைக்கப்பட்டது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

போன வாரம் சேலம் மாவட்ட ஊர்ப்பெயர்ப் பட்டியல் ஒன்றைச் சரிசெய்துகொண்டிருந்தேன். ‘ஊர்’ என்று முடியும் பெயர்களை மட்டும் பிரிக்க வேண்டும். ‘ஊர்’ என்றே தேடக் கொடுத்தேன். ஓமலூர், ஆத்தூர், மேட்டூர், மலைமேலுள்ள நாகலூர் எதுவும் சிக்கவில்லை. ‘லூ’ என்பது கணினிக்கு லகரமும் ஊகாரத் துணைக்குறியும்தான். தனி ‘ஊ’ அங்கே இல்லை. துணைக்குறியோடு ‘ர்’ சேர்த்துக் கொடுத்ததும் வரிசையாக வந்து விழுந்தன.

நிரல்மொழிக்கு நிரல்மொழி இது வேறுபடுகிறது. சொல்லில் வரும் எழுத்தைக் குறிக்கும் பின்சாய்கோடு டபிள்யூவைப் (\w) பைத்தானின் ‘ரீ’ (re) நூலகத்தில் இட்டால் ‘ஏற்காடு’ ஏற, க, ட என்று மூன்று துண்டாகிறது. புள்ளியும் துணைக்குறியும் அதற்கு எழுத்தே அல்ல! பெர்லில் அதே குறி முழுச்சொல்லையும் எடுக்கிறது. கோ, ஜாவாஸ்கிரிப்ட் இரண்டிலும் அது ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டுமே. யூனிகோடு எழுத்துகளுக்குத் தந்துள்ள வகையைச் சொன்னால்தான் தமிழ் பிடிபடும். லுவாவில் ‘இது அல்லது அது’ என்று கேட்கவே வழியில்லை.

இத்தனைக்கும் பொதுவாக ஒரு பெயர் வேண்டும். ‘ஒழுங்குக்கோவை’ என்பது 1950களில் கணிதவியலாளர் கிளீனி வகுத்த கோட்பாட்டுக்குச் சரி. 1968இல் கணினி அறிஞர் கென் தாம்சன் அதை உரைத்தேடலுக்குக் கொண்டுவந்தபோதும் சரி. ஆனால் ‘முன்பு பிடித்த துண்டே மறுபடி வர வேண்டும்’ என்று பெர்லில் கேட்கலாம். அந்த வசதி கிளீனியின் ‘ரெகுலர்’ (ஒழுங்கு) எல்லையைத் தாண்டிவிட்டது. தாண்டிய பொருளை ஒழுங்கு என்று அழைப்பது தவறான பெயர்.

என் பரிந்துரை ‘உரைவாய்பாடு’. யாப்பில் சீரின் அமைப்பைச் சொல்லும் வாய்பாடான தேமா என்றால் மாமரமா? நேர் நேர் என்ற அசைகளாய் அமைந்த எந்தச் சீரையும் பிடிக்கும் அச்சு அது. சேலம், மேட்டூர், ஆத்தூர் மூன்றும் தேமா. ஓமலூர் கூவிளம். ஏற்காடு தேமாங்காய். எழுத்து எதுவானாலும் அமைப்பு ஒத்தால் போதும் என்ற எண்ணம் நம்மிடம் எவ்வளவு காலமாகப் புழங்குகிறது!

---

தம்பி, ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். வகுப்பில் வாய்பாடு என்றதும் பிள்ளைகள் “ஈரெண்டு நாலு” என்று ஆரம்பித்துவிடுவார்கள். குழப்பாதா?

---

ஐயா, வேதியியலிலும் மூலக்கூறு வாய்பாடு என்றுதானே அதே பிள்ளைகள் படிக்கிறார்கள்? அங்கே முன்னொட்டு காப்பாற்றுகிறது, இங்கே ‘உரை’ காப்பாற்றும். கோட்பாட்டுப் பாடத்தில் ‘ஒழுங்குக்கோவை’ அப்படியே இருக்கட்டும். தேடியது உரையோடு ஒத்துவருவதைச் சொல்லும் ‘மேட்ச்’ என்பதற்குத்தான் தயங்குகிறேன். ‘அலகிடல்’ என்று வைக்க ஆசை. ஆனால் அலகிடுவது சீரைப் பிரித்துப் பார்ப்பது, ஒத்துவந்ததா என்ற விடை அதில் இல்லை. ஆகவே ‘பொருத்தம்’ என்றே எழுதி, நான் எழுதும் ரெஜெக்ஸ் கையேட்டின் முதல் அத்தியாயத்தை இன்றிரவு அனுப்புகிறேன். திருத்திக் கொடுங்கள் ஐயா.