சடலத்தின் மீது நடந்த விசாரணை

கேள்வி: 897இல் திருத்தந்தை ஆறாம் ஸ்டீபன், தமக்கு முன்பு அப்பதவியில் இருந்த ஃபார்மோசஸின் சடலத்தைத் தோண்டியெடுத்து விசாரணை நடத்தினார் என்று படித்து அதிர்ந்தேன். திருச்சபையின் தலைவரே இவ்வளவு கீழிறங்கியது ஏன்?

மறுமொழி 1: அழுகிய உடலுக்குத் திருவுடை அணிவித்து, லாத்தரன் பேராலயத்தில் அரியணையில் அமர்த்தி, அதன் சார்பில் பதில் சொல்ல ஒரு திருத்தொண்டரையும் நிறுத்தினார்கள். தீர்ப்புக்குப் பின், ஆசீர்வதித்த வலக்கையின் மூன்று விரல்களை வெட்டினார்கள். உடல் டைபர் ஆற்றில் எறியப்பட்டது. படிக்கும்போதே மனம் பதறுகிறது.

மறுமொழி 2: போர்த்தோ என்ற ஊரின் ஆயராக இருந்த ஃபார்மோசஸ், ஓர் ஆயர் மறைமாவட்டம் மாறக்கூடாது என்ற விதியை மீறி ரோமின் ஆயராக, அதாவது திருத்தந்தையாக, மாறினார் என்பது வெளியே சொல்லப்பட்ட குற்றச்சாட்டு. இத்தாலியில் பேரரசர் பட்டம் வைத்திருந்த ஸ்பொலேத்தோ பிரபுக் குடும்பத்துக்கு எதிராக, 896இல் ஜெர்மானிய அரசர் அர்னுல்ஃபுக்கு அவர் பேரரசராக முடிசூட்டியதால் மூண்ட பகையே உண்மைக் காரணம் என்று கருதுகிறேன்.

மறுமொழி 3: அதே ஆண்டில் ஸ்டீபன் சிறையில் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார். 898இல் திருத்தந்தை ஒன்பதாம் ஜான், ஃபார்மோசஸுக்கு எதிரான அத்தீர்ப்பைச் செல்லாததாக்கினார். அத்தீர்ப்பால் பட்டம் செல்லாமற்போன, ஃபார்மோசஸிடம் திருப்பட்டம் பெற்ற குருக்கள் அதனால் நிம்மதி அடைந்திருப்பார்கள்.